பெயர் கூப்பிடும் இடங்கள்

விண்ணப்ப எழுத்தர் என்பது அரசாங்கப் பதவி அன்று. பிரதேச செயலகத்துக்கு அண்மையில், போட்டோ கொப்பிக் கடையின் ஓரத்திலோ தேநீர்க்கடையின் திண்ணையிலோ சிறு மேசை ஒன்றைப் போட்டுக்கொண்டு, தோட்டங்களிலிருந்து இறங்கி வருவோருக்காகப் படிவங்களை நிரப்பித் தருவதையும், அவர்கள் தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் கடிதமாக எழுதித் தருவதையும் தொழிலாகக் கொண்டவரை இலங்கை மலையகத்தின் ஹல்துமுல்லைப் பக்கத்துச் சனங்கள் ‘போம் நிரப்புறவர்’ என்றும், சற்று மூத்தவர்கள் ‘பெட்டிசன் எழுதுறவர்’ என்றும் அழைக்கிறார்கள். இக்கட்டுரை அத்தொழிலில் நெடுங்காலம் இருந்த ஒருவரின் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு, முதிர்ந்த வயதில் தம் பால்நிலையை மாற்றி வாழத் தொடங்கியவர்கள் அந்த மேசைக்கு என்ன கேட்டு வந்தார்கள், எதை வெற்றியாகக் கருதினார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்பவற்றைத் தொழிலின் பக்கத்திலிருந்து பதிவுசெய்கிறது.

இப்படியொரு தொழில் மலையகத்தில் நிலைத்திருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது; 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது; எஞ்சியிருந்தவர்களின் நிலை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துடனேயே ஒரு முடிவுக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு சமூகத்தின் இருப்பே காகிதத்தில் தங்கியிருந்த இடத்தில், காகிதம் எழுதுபவருக்கு வேலை குறையவில்லை. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தமிழில் கருமமாற்றும் உரிமையைத் தந்திருந்தபோதிலும், சாளரத்துக்கு அப்பால் இருக்கும் உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாதபோது அவ்வுரிமை மேசைக்காரரின் பேனா வழியாகவே நடைமுறைக்கு வந்தது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடியபோது, உயிர்களோடும் உடைமைகளோடும் ஒரு தலைமுறையின் ஆவணங்களும் புதைந்தன என்பதை அப்பிரதேசத்தில் எழுத்துவேலை செய்தவர்கள் எவரும் மறக்கமாட்டார்கள்.

வருபவர்களும் சொற்களும்

பால் என்பது பிறப்பின்போது உடலைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதப்படுவது. பால்நிலை என்பது ஒருவர் தம்மை ஆணாகவோ பெண்ணாகவோ வேறாகவோ உணர்ந்து வாழும் நிலை. இவ்விரண்டும் பொருந்தாதவர்களுள், ஆணெனப் பதியப்பட்டுப் பெண்ணாக வாழ்பவரைத் திருநங்கை என்றும், பெண்ணெனப் பதியப்பட்டு ஆணாக வாழ்பவரைத் திருநம்பி என்றும் இன்றைய தமிழ் வழங்குகிறது. 2008இல் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கென நலவாரியம் அமைந்த காலத்தில் பரவிய திருநங்கை என்ற சொல், தொலைக்காட்சி வழியாகவும் திரைப்படங்கள் வழியாகவும் ஊவா மலைகளுக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு முன் தோட்டத்தில் வழங்கிய சொற்கள் பெரும்பாலும் ஏச்சுச் சொற்களாதலால், மேசைக்கு வந்த மூத்தவர்கள் தம்மைக் குறிக்க எந்தச் சொல்லையும் பயன்படுத்தாமல், “என்னுடைய விசயம்” என்று மட்டும் சொல்லி நிறுத்துவதே வழக்கமாக இருந்தது. அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் இருப்பதை விசாரிக்காமல் விளங்கிக்கொள்வது இத்தொழிலின் முதற் பயிற்சியாகும்.

இளையவர்கள் கொழும்புக்கோ நீர்கொழும்புக்கோ போய்விடுகிறார்கள். ஹல்துமுல்லை மேசைக்கு வருபவர்கள் ஐம்பதை அண்டியவர்கள் அல்லது கடந்தவர்கள். தாய் இறந்துவிட்டார், தங்கைமார் கரைசேர்ந்துவிட்டார்கள், பிள்ளைகள் வெளிநாட்டிலோ கொழும்புக் கடைகளிலோ வேலைக்குப் போய்விட்டார்கள், இனி ஒருவருக்கும் தம்மால் தலைகுனிவு இல்லை என்று அவர்கள் தாமே கணக்கிட்டு முடித்த பிறகு வருகிறார்கள். முப்பது வருடங்களைப் பிறருக்காகத் தள்ளிப்போட்டவருக்கு அவசரம் இருக்காது என்று பிறர் எண்ணக்கூடும். மேசையின் அனுபவமோ நேர்மாறானது. வருங்காலம் நீளமாக இருப்பவர் அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிப் போகிறார். குறுகியதாக இருப்பவர் படிவத்தை அன்றே முடித்துத் தரும்படி கேட்கிறார்.

தோட்டத்துக் கலைமரபில் இவர்களுக்கு ஒரு மறைவிடம் இருந்திருக்கிறது. மாசி மாதத்தில் காமன் பொட்டலில் நடைபெறும் காமன் கூத்தில் ரதி வேடத்தை ஆண்களே கட்டுவது மரபு. அவ்வேடத்தைப் பல வருடங்கள் விடாமல் கட்டிய ஒருவர், ஐம்பத்து நான்காம் வயதில் பிறப்புச் சான்றிதழை மாற்ற வேண்டுமென்று வந்தபோது, ஊர் அவரை ரதியாக ஏற்றுக் கும்பிட்ட அந்த இரவுகளைத் தவிர வேறு சான்று எதையும் காட்டவில்லை. கூத்து முடிந்து சேலையைக் களையும் நேரமே வருடத்தில் தமக்குக் கடினமான நேரமாக இருந்தது என்பதை மட்டும், படிவத்தில் அதற்கு இடமில்லை என்று தெரிந்தும், அவர் சொல்லி வைத்தார்.

காகிதங்களின் வரிசை

இலங்கையின் பழைய பெருந்தெருக்களில் தூரத்தைக் கல் நட்டுக் குறித்தார்கள். சனங்கள் அதைக் ‘கட்டை’ என்பார்கள். பால்நிலை மாற்றத்தின் பாதையிலும் கட்டைகள் உண்டு. ஒரு கட்டையைத் தாண்டாமல் அடுத்ததற்குப் போக முடியாது என்பதால், எழுத்தர் தரக்கூடிய மிகப் பயனுள்ள உதவி அவற்றின் வரிசையைச் சொல்லிவிடுவதே.

முதலாவது பிறப்புப் பதிவு. மற்றப் பிரதேசங்களில் இதை ஒரு கட்டையாக எவரும் எண்ணுவதில்லை; தோட்டங்களிலோ, 1950களிலும் 60களிலும் பிறந்தோர் பலருக்குப் பதிவே இல்லை, அல்லது பதிந்தவரின் காதில் விழுந்தபடி எழுதப்பட்ட ஒரு பெயர் இருக்கிறது. பதிவு இல்லாதவர் உத்தேச வயதுச் சான்றிதழைப் பெற வேண்டியிருக்கும். பதிவில் பிழை இருப்பவர் அதைத் திருத்த வேண்டியிருக்கும். தம் பெயரே தமக்குப் பொருந்தாமல் வாழ்ந்த ஒருவர், முதலில் அந்தப் பொருந்தாத பெயர் தம்முடையதுதான் என்று நிரூபித்துக்கொண்ட பிறகே அதைக் கைவிட முடியும் என்னும் இந்த முரணை விளங்கப்படுத்துவது எழுத்தருக்கு எளிதான வேலையன்று.

இரண்டாவது பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ். மனித உரிமைகள் ஆணைக்குழு எடுத்த முயற்சியைத் தொடர்ந்து 2016ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு வெளியிட்ட 01-34/2016 இலக்கச் சுற்றறிக்கையின்படி, பதினாறு வயதைக் கடந்த ஒருவர் உளநல மருத்துவ நிபுணரின் மதிப்பீட்டுக்கும் வழிகாட்டலுக்கும் பின்னர் இச்சான்றிதழைப் பெறலாம். அதே ஆண்டின் 06/2016 இலக்கச் சுற்றறிக்கை மூலம் பதிவாளர் நாயகம், அச்சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவில் பெயரையும் பாலையும் மாற்ற வழிசெய்தார். பதினாறுக்குக் கீழெல்லை வைத்த சுற்றறிக்கை மேலெல்லை எதையும் வைக்கவில்லை. “இந்த வயசுக்கு மேல குடுப்பாங்களா?” என்பது இம்மேசையில் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்வியாதலால், இவ்விடயம் அழுத்திச் சொல்லத்தக்கது. உளநல நிபுணரிடம் போவதென்றால் தமக்குப் பைத்தியம் என்று எழுதிவிடுவார்களோ என்ற அச்சமும் பொதுவானது. 2019இல் உலக சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்டு 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு, இந்நிலையை உளநோய்களின் அத்தியாயத்திலிருந்து நீக்கிப் பாலியல் நலம் சார்ந்த அத்தியாயத்தில் வைத்திருக்கிறது என்பதைச் சொன்னால் படித்தவர்கள் ஆறுதலடைகிறார்கள்; மற்றவர்களுக்கு, பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் கூட வருவதற்கு ஓர் ஆள் இருந்தாலே அவ்வச்சம் பாதி குறைகிறது.

மூன்றாவது தேசிய அடையாள அட்டை. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் வழங்கப்பட்டுவரும் இவ்வட்டையின் இலக்கத்துக்குள்ளேயே ஒருவரின் பால் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பலர் அறியார். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று எண்கள் அவ்வாண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதையும் காட்டும். பெண்ணாயின் அந்நாளுடன் 500 கூட்டப்படும். 1968 ஜனவரி 10இல் பிறந்த ஆணின் அட்டை 68010 என்று தொடங்கும். அதே நாளில் பிறந்த பெண்ணின் அட்டை 68510 என்று தொடங்கும். 2016 முதல் பன்னிரண்டு இலக்கமாக நீண்ட புதிய எண்ணில் ஆண்டு நான்கு இலக்கமாக எழுதப்பட்டாலும் இக்கணக்கு மாறவில்லை. ஆகவே படத்தையும் பெயரையும் மாற்றிவிட்டால் போதும் என்று எண்ணி வருபவருக்கு, இலக்கத்தின் நடுவிலிருக்கும் அந்த ஐந்நூறைக் காட்டி விளக்க வேண்டியிருக்கிறது. சேலை கட்டி ஆறு வருடங்களாக வாழ்ந்த ஒருவர், இதைக் கேட்டதும் தம் பழைய அட்டையை வாங்கி அந்த மூன்று எண்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஐந்நூறுதானே குறைகிறது என்றார். அன்றுமுதல் இம்மேசையில் அட்டை மாற்றும் வேலைக்கு ‘ஐந்நூறு கூட்டுவது’ என்ற பெயர் வழங்கலாயிற்று. பக்கத்தில் நிற்பவருக்கு அது விளங்காது என்பது அதன் கூடுதல் நன்மை.

தோட்டத்தில் வசிப்பவரின் அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தோட்ட அத்தியட்சகர், அதாவது துரை, உறுதிப்படுத்தும் வழக்கம் இருப்பதால், இக்கட்டையில் ஒருவர் தம்மை முதன்முதலாக மேலிடத்தில் வெளிப்படுத்த வேண்டியவராகிறார். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளைக்குத் தெரியாமல் துரையிடம் போக முடியாது. கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்தது மாலைக்குள் லயம் முழுவதற்கும் தெரிந்துவிடும். எனவே விண்ணப்பத்தை ஒபிஸில் கொடுக்கும் முன்பே வீட்டாரிடமும், பக்கத்து லய அறையான காம்பராவில் இருப்பவரிடமும் வாயால் சொல்லிவிடுவது நல்லது என்பது எழுத்தர் பல தடவை பட்டறிந்து கூறும் ஆலோசனையாகும்.

சேமலாப நிதியும் இரண்டு வயதுகளும்

முதிர்வயதில் மாறுபவருக்கே உரிய சிக்கல் ஒன்று ஊழியர் சேமலாப நிதியில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியரின் சம்பளத்தில் எட்டு வீதமும் தொழில்தருநரின் பங்காகப் பன்னிரண்டு வீதமும் சேர்க்கப்படும் இந்நிதியை, ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் மீளப்பெறலாம். பெரும்பாலான தோட்டத் தொழிலாளருக்கு வாழ்நாளில் ஒருமுறையே கையில் வரும் பெருந்தொகை இது. கூரையோ, மகளின் கல்யாணமோ, ஒரு முச்சக்கரவண்டியோ அதை நம்பித்தான் நிற்கிறது.

கொழுந்து எடுப்பவராக முப்பது வருடங்கள் உழைத்து ஐம்பதை எட்டிய திருநம்பி ஒருவர் கேட்ட கேள்வி இதுவாகும்: அட்டையை முதலில் மாற்றுவதா, பணத்தை முதலில் எடுப்பதா? அட்டையை முதலில் மாற்றினால், பெண்ணுக்குரிய ஐம்பது வயது அவருக்குப் பொருந்துமா என்ற கேள்வி எழும். சட்டம் ஆண், பெண் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறதேயன்றி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றவரைப் பற்றிப் பேசவில்லை. பணத்தை முதலில் எடுப்பதென்றால், நிதியை மீளக் கோரும் ‘கே’ படிவத்தில், கைவிடத் துணிந்த பெயரை அவர் இன்னொரு முறை தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும். அவர் இரண்டு கிழமைகள் யோசித்துவிட்டு வந்து, கடைசியாக ஒருமுறை அந்தப் பெயரில் உழைத்தவளுக்கு அவளுடைய கூலியை வாங்கிக் கொடுத்துவிடுவதாகக் கூறிக் கையொப்பமிட்டார். பணம் வந்த பின்னரே பிறப்புப் பதிவின் வேலை தொடங்கியது. இதுவே சரியான வரிசை என்று எழுத்தர் எவருக்கும் விதியாகச் சொல்வதில்லை. இவ்விரு வழிகளின் விளைவுகளையும் முன்கூட்டிச் சொல்லாமல் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது தவறு என்பதை மட்டும் இத்தொழில் கற்றுத் தந்தது.

தொழிலில் நேர்ந்த ஒரு பிழையையும் இங்கே குறிப்பிடுதல் தகும். ஒருவரின் புதிய பெயர், மருத்துவச் சான்றுக்கான கடிதத்தில் ஒரு விதமாகவும் பிறப்புப் பதிவுத் திருத்த விண்ணப்பத்தில் ஓர் எழுத்துக் கூடிய மற்றொரு விதமாகவும் எழுதப்பட்டுவிட்டது. தமிழில் ஒன்றாகவே ஒலித்த அப்பெயர், ஆங்கில எழுத்தில் இரண்டு பெயர்களாகிவிட்டது. எழுதியவர் எழுத்தரே. அதனால் ஒருவரின் அட்டை எட்டு மாதம் பிந்தியது. அந்த எட்டு மாதமும் அவர் பழைய அட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் போய்வந்தார். அதன்பின் புதிய பெயரை முதல் நாளிலேயே மூன்று மொழிகளிலும் ஒரு தாளில் எழுதி, உரியவர் அதை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பின் அதன் பிரதியை அவரிடமே கொடுத்துவிடும் வழக்கம் ஏற்பட்டது. பெயரைத் தெரிவுசெய்வதிலும் மூத்தவர்களின் வழி தனியானது. இளையவர்கள் திரைப்பட நாயகிகளின் பெயர்களை நாடுகிறார்கள். மூத்தவர்கள் தாயின் பெயரையோ பாட்டியின் பெயரையோ கேட்கிறார்கள், அல்லது பாக்கியம், செல்லம், கனகம், மணி போன்று இருபாலாருக்கும் ஏற்கெனவே வழங்கிவரும் பெயர்களை எடுத்துக்கொள்கிறார்கள். முதலெழுத்தாக நிற்கும் தந்தை பெயரை மாற்றக் கேட்டவர் எவரும் இம்மேசைக்கு வந்ததில்லை.

பெரட்டுக்களமும் மலையும்

காகிதத்தின் கட்டைகள் அலுவலகங்களில் இருக்க, வாழ்க்கையின் கட்டைகள் தோட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. காலையில் தொழிலாளரைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் பெரட்டுக்களம் எனப்படும். ஒரு நாள் வேலைக்கான பதிவு ‘பேர்’ எனப்படும். குறைந்த கொழுந்து எடுத்தால் ‘அரைப்பேர்’ விழும். உழைப்பும் பெயரும் ஒரே சொல்லால் வழங்கும் இவ்விடத்தில், வேலைப் பதிவேடான செக்ரோலில் எந்தப் பெயர் இருக்கிறது, அதைக் காலையில் யார் எப்படிக் கூப்பிடுகிறார் என்பது சிறிய விடயமன்று.

தேயிலைத் தோட்டத்தில் வேலையும் பால்வழியே பிரிந்திருந்தது. கொழுந்து பெண்களுக்கு; செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து, வடிகாலான கான் வெட்டுவது, மருந்தடிப்பது ஆண்களுக்கு. 1984இல்தான் இருபாலாரின் நாட்சம்பளமும் சமமாக்கப்பட்டது. அதற்குப் பின்னும், தம் பங்கை முடித்த ஆண் நடுப்பகலில் வீடு திரும்ப, பெண் மாலை நிறுவை வரை மலையில் நின்றாள். இத்தகைய பிரிவினை உள்ள இடத்தில், கவ்வாத்துக் கத்தியை வைத்துவிட்டு, இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டித் தேயிலை நிரையில் ஏறுவது, பட்டணத்தில் ஒருவர் ஆடை மாற்றுவதைவிடப் பெரிய அறிவிப்பாகும். அண்மைக் காலத்தில் கொழுந்துக்கு ஆள் குறைந்து ஆண்களும் எடுக்கத் தொடங்கியிருப்பது இம்மாற்றத்தை எதிர்பாராத விதமாக இலகுவாக்கியிருக்கிறது. ஆயினும் அவ்வேலை குறைந்த உழைப்பன்று: ஐம்பத்து நான்கு வயதில் அந்நிரையில் ஏறிய ரதி வேடம் கட்டிய மேற்சொன்ன திருநங்கைக்கு முதல் மாதம் அரைப்பேரே விழுந்தது. பக்கத்து நிரைப் பெண்கள் தம் கூடையிலிருந்து ஒரு பிடியை அவர் கூடையில் போட்டு நிறுவையைச் சரிக்கட்டிய நாளையே, எந்த அட்டையையும்விட முன்னதாகத் தாம் பெண்களோடு சேர்த்து எண்ணப்பட்ட நாளாக அவர் குறிப்பிட்டார்.

தமிழ்மொழியின் அமைப்பு இவ்விடத்தில் ஒரு தடையையும் ஓர் உதவியையும் தருகிறது. வினைமுற்று ஆண்பாலா பெண்பாலா என்று காட்டாமல் ஒருவரைப் பற்றி ஒருமையில் பேச முடியாது. வந்தான், வந்தாள் என்னும் ஈற்றெழுத்தில் ஊரின் தீர்ப்பு வெளிப்பட்டுவிடும். ஆனால் மூத்தவருக்குரிய மரியாதைப் பன்மையான ‘அவர் வந்தார்’ என்பதிலும், பேச்சில் ‘அவங்க வந்தாங்க’ என்பதிலும் அவ்வேறுபாடு இல்லை. வயது தரும் இம்மரியாதையின் நிழலில் பலர் சில வருடங்களைக் கடந்துவிடுகிறார்கள். உறவுப்பெயர்களோ அவ்வாறு விட்டுக்கொடுப்பதில்லை: மாமாவாக இருந்தவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று பெரியவர்கள் தடுமாறிக்கொண்டிருக்கையில், தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவிலிருந்து வரும் மூன்று வயதுக் குழந்தை, பார்த்த தோற்றத்தை வைத்து ‘அம்மாயி’ என்று கூப்பிட்டுவிடுகிறது. அவ்வீட்டில் அதற்குப் பிறகு வேறு பெயர் வழங்கவில்லை. தம் சொந்தப் பிள்ளைகள் ‘அப்பா’ என்றே அழைப்பதை மாற்றக் கேட்காத திருநங்கையரும் உண்டு. அது தாம் செய்த கடமையின் பெயர், ஆதலால் அதைத் திருப்பிக் கேட்கத் தமக்கு உரிமையில்லை என்று அவர்களுள் ஒருவர் விளக்கினார்.

உடலும் தெருவும்

மருத்துவம் பற்றி விண்ணப்ப எழுத்தர் விரித்துரைப்பது முறையாகாது. எனினும் மேசையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சில கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். பெண்பால் இயக்குநீரான ஈஸ்ட்ரோஜன் தோலையும் மார்பையும் சில மாதங்களில் மாற்றத் தொடங்கினாலும், முழு விளைவுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்; அது ஏற்கெனவே உடைந்த குரலை மாற்றாது, தாடியையும் நீக்காது. ஆண்பால் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோன் குரலைத் தடிக்கச் செய்யும், மாதவிலக்கை நிறுத்தும். வயது கூடும்போது குருதி உறைந்து நாளங்களை அடைக்கும் அபாயமும் கூடுவதால், இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்கள் மருத்துவரின் கண்காணிப்பின்றி, கருத்தடை மாத்திரைகளைக் கூடுதலாக விழுங்கி விரைவாக மாறிவிடலாம் என்று முயல்வது ஆபத்தானது. அரச மருத்துவமனையில் இச்சேவைக்குக் கட்டணமில்லை என்றாலும், ஹல்துமுல்லையிலிருந்து பெரகலை, ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைக்குப் போய்வரும் ஒவ்வொரு நாளும் ஒரு ‘பேர்’ இழப்பு என்பது தோட்டத் தொழிலாளருக்கு உண்மையான கட்டணமாகும். அறுவைச் சிகிச்சையை நாடாமல் இவ்வளவோடு நிறைவடைந்தவர்களே இம்மேசை கண்ட மூத்தவர்களில் அதிகம்.

தெருவில் அட்டை தேவைப்படுவதற்குச் சட்டத்தின் பின்னணி உண்டு. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், தண்டனைச் சட்டக்கோவையின் 399ஆம் பிரிவு கூறும் ஆள்மாறாட்ட ஏமாற்றலும், தோற்றமும் அட்டையும் பொருந்தாதவர்களுக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டுள்ளன. கொழும்பு–மட்டக்களப்பு வீதியில் பஸ்ஸை மறித்து அட்டை கேட்கும் இரவுகளில், படத்தில் மீசையும் நேரில் பொட்டுமாக இருப்பவர் தரக்கூடிய விளக்கம் எதுவும் போதுமானதாக இருந்ததில்லை. தேர்தல் நாளிலும் வாக்களிப்பு நிலையத்தில் பெயர் உரக்க வாசிக்கப்படுவதால், இரண்டு தேர்தல்களுக்கு வீட்டிலேயே இருந்துவிட்ட ஒருவர், புதிய அட்டைக்குப் பின் வாக்காளர் இடாப்பிலும் பெயரைத் திருத்திக்கொண்டு காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்றார். பாட்டன் வாக்குரிமை பறிக்கப்பட்டவர். பேத்தி தம் பெயரில் வாக்களித்தார் என்று இதை ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் அவருக்கு நினைவில் நின்றது வாக்கன்று. பெயரை வாசித்த எழுதுவினைஞர் தலை நிமிர்ந்து பார்க்காமலே அடுத்த பெயருக்குப் போய்விட்டார் என்பதே. எவரும் திரும்பிப் பார்க்காமல் ஒரு காரியம் முடிவதுதான், மேசைக்கு வந்த மூத்தவர்கள் விரும்பிய வெற்றி.

எஞ்சியிருக்கும் நம்பிக்கைகள்

முதிர்ந்த வயதில் மாறியவர்களுள் ஒருவரான பிரித்தானிய எழுத்தாளர் ஜான் மோரிஸ் தம் நாற்பதுகளின் நடுவில், 1972இல், மொரோக்கோவின் காசாபிளாங்காவில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு 1974இல் தம் அனுபவத்தை நூலாக எழுதினார். 1949இல் மணந்த எலிசபெத்தை அக்காலச் சட்டத்தின் காரணமாக மணமுறிவு செய்ய நேர்ந்தபோதும் அவருடனேயே வாழ்ந்து, 2008இல் குடியியல் இணைவாக மீண்டும் பதிந்துகொண்டார். லயக் காம்பராவில் வாழும் ஒருவருக்கும் அவருக்கும் வசதியில் ஒப்புமை இல்லை; வயதுசென்று மாறுபவர் தம் முன்னைய வாழ்க்கையை வெட்டியெறிவதில்லை, அதன் கடமைகளையும் உறவுகளையும் புதிய பெயருக்குள் கொண்டுவரவே முயல்கிறார் என்பதில் மட்டும் ஒப்புமை உண்டு. ஹல்துமுல்லை மேசைக்கு வந்தவர்களில் மணம் முடித்திருந்தோர் எவரும் துணையைக் கைவிடும் விண்ணப்பத்தை எழுதக் கேட்கவில்லை. சிலரைத் துணை கைவிட்டதுண்டு.

இவர்களின் நம்பிக்கைகள் பெரும்பாலும் சாவைச் சுற்றியவை என்பது இளையவர்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். தோட்டத்து மரணாதார சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலில் எந்தப் பெயர் இருக்கும், மரண அறிவித்தலில் எந்தப் படம் அச்சாகும், குளிப்பாட்டி உடுத்துபவர் சேலையை எடுப்பாரா வேட்டியை எடுப்பாரா, மரணப் பதிவில் ஆண் என்று எழுதுவார்களா பெண் என்று எழுதுவார்களா என்பவையே அவர்கள் கடைசியாகக் கேட்கும் கேள்விகள். உயிரோடு இருக்கும்போது மாற்றப்படாத பதிவை இறந்தபின் எவரும் மாற்றித் தரமாட்டார்கள். இறப்பை அறிவிப்பவர் கையில் இருக்கும் இறந்தவரின் அட்டையில் என்ன இருக்கிறதோ அதையே பதிவாளர் எழுதுவார். ரதி வேடம் கட்டிய அந்தத் திருநங்கை புதிய அட்டையைப் பெற்ற அன்று எழுத்தரிடம் கேட்ட கடைசி வேலை, மரணாதார சங்கத்துக்குப் பெயர் மாற்றக் கடிதம் ஒன்றை எழுதுவதாகும். அதற்கு அவர் கொடுத்த காசை எழுத்தர் வாங்கவில்லை.

ஆதலால், ஐம்பதைக் கடந்து இதை வாசிப்பவர் எவராயினும், அல்லது அத்தகைய ஒருவரின் பிள்ளையாகவோ மருமகளாகவோ பக்கத்துக் காம்பராக்காரராகவோ இருப்பவராயினும், செய்யவேண்டிய முதல் வேலை ஒன்றே: வைத்தியரையும் துரையையும் பற்றி அஞ்சுவதற்கு முன், பிரதேச செயலகத்தில் தம் பிறப்புப் பதிவின் பிரதி ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும். பிழையான பெயரோ, பொருந்தாத பாலோ, பதிவே இல்லையோ, எதுவாயினும் தொடங்க வேண்டிய இடம் அதுதான். அதைக் கேட்பதற்கு எவரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை.